சீட்டில் நிற்காத டம்ளர்

மூன்று வருடத்துக்கு முன், பொங்கல் முடிந்த வாரம். திருவொற்றியூரில் கடலை ஒட்டிப் போகிற ரோட்டில் நடந்தது இது.

நான் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். உயரத்தில் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்துகொண்டு கன்டெய்னரைத் தூக்கி லாரி மேல் வைப்பேன். நாங்கள் அதைப் பெட்டி என்போம். எல்லாமே விரல் வேலை. லீவரைக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டால் பெட்டி தொப்பென்று இறங்கும். லாரிக்குள் டிரைவர் உட்கார்ந்திருப்பார்.

தொப்பை போட்டுவிட்டதே என்று செகண்ட்ஹேண்டில் ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கினேன். ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்திருக்கும். “இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்குயா ஆட்டுக்கொம்பு?” என்று வீட்டுக்காரி சிரித்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காலையில் அந்த ரோட்டில் பறக்கிறவர்கள் எல்லாம் முதுகை மடக்கிக் குனிந்துதானே போகிறார்கள்? நானும் ஹேண்டில்பாரை முடிந்த மட்டும் இறக்கினேன். குனிந்து உட்கார்ந்ததில் சீட்டின் முனை குத்தியது. சரி, முனையைக் கீழே சாய்த்துவிட்டேன். குத்தல் போச்சு. பெரிய இன்ஜினியர்டா நீ என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் பேஜாரு. இரண்டு கை விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தன. சர்க்கரையாக இருக்குமோ என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், இல்லை. நரம்பு வியாதியோ என்ற பயம் வந்துவிட்டது. வேலையில் மெடிக்கல் செக்கப் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. விரலில் உணர்ச்சி இல்லை என்றால் கிரேனை விட்டு இறக்கிவிடுவார்கள். வேறு வேலையும் எனக்குத் தெரியாது. சைக்கிள் உடம்புக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது, அதன் மேல் எப்படிச் சந்தேகம் வரும்?

அன்று மதிய ஷிப்ட். சைக்கிளிலேயே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்குள் போக லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. வரிசை எப்போது நகரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. டிரைவர்கள் வண்டிப் பக்கத்திலேயே அடுப்பு வைத்துச் சமைப்பார்கள். அப்படி ஒருவர் சோறு வடிக்கப் பானையை இறக்கிவைத்திருந்தார். பிரேக் பிடிக்க விரலை மடக்கினேன். மடங்கியதா இல்லையா என்றே தெரியவில்லை. சைக்கிள் நேராக அவருடைய அடுப்பைப் பார்த்துப் போகிறது!

அவர் தாவி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார். ஆனால் முன்சக்கரம் இடித்துப் பானை கவிழ்ந்தது. சோறெல்லாம் மண்ணில்.

நாலு கெட்ட வார்த்தையாவது விழும் என்று நின்றேன். “சோறு கெடக்குது வுடு, நைனா. கைய இன்னா பண்ணிகீற? செவந்து போய் கீது” என்று என் உள்ளங்கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டார். என் வயதுதான் அவருக்கும் இருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. “கிரேன் ஓட்றேன்பா. விரலு போச்சுன்னா பொழப்பே பூடும்” என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் சைக்கிளைப் பார்த்தார். “எனக்கு சைக்கிளப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா சீட்டு ஏன் குப்புற கவுந்துகினு கீது?” என்று கையிலிருந்த காலி டீ டம்ளரை அதன் மேல் வைத்தார். அது சறுக்கி முன்னால் வந்து விழுந்தது. “நீயும் இப்டித்தான் முன்னால சறுக்கிகினு போற. ஒடம்பு வெயிட்ட ஃபுல்லா கைதான் முட்டுக் குடுத்துகினு கீது!”

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. கேபினில் ஏறியதும் நான் முதலில் செய்வது என்ன? எனக்கு முந்தின ஷிப்ட்காரர் நெட்டை. அவர் வைத்த சீட்டை என் உடம்புக்குச் சரிபண்ணாமல் லீவரைத் தொடவே மாட்டேன். யாரோ குனிகிறார்கள் என்று சைக்கிளில் மட்டும் என் உடம்பை வளைத்திருக்கிறேன்!

போல்ட் திருகுகிற சாவி பையிலேயே இருந்தது. அவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நான் டம்ளர் நிற்கிற வரைக்கும் சீட்டை மட்டமாக்கி, கொஞ்சம் முன்னால் தள்ளினேன். ஹேண்டில்பாரை உயர்த்தி, பிரேக் பிடி கைக்குக் கிட்டே வருகிற மாதிரி மேலே திருப்பினேன். ஏறி உட்கார்ந்தேன். முழங்கை தளர்ந்தது, பாரமெல்லாம் இடுப்புக்குப் போய்விட்டது. “இப்பதான் மன்சன் மாதிரி கீற” என்றார். அரை ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு, விரல்களில் உணர்ச்சி முழுதாகத் திரும்பிய பிறகுதான் கிரேனில் ஏறினேன். கொஞ்ச நாளில் மரப்பு அடியோடு விட்டது. செக்கப்பிலும் தேறினேன்.

சோறு கவிழ்ந்த மறுநாளே வீட்டுக்காரி சோறும் சங்கரா மீன் குழம்பும் கட்டிக்கொடுத்தாள். கொண்டுபோனால் அந்த லாரி இல்லை. வரிசை நகர்ந்து உள்ளே போய்விட்டிருந்தது. பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

கேபினிலிருந்து பார்த்தால் லாரியின் கூரைதான் தெரியும், டிரைவர் முகம் தெரியாது. எந்தக் கூரைக்குக் கீழே அவர் இருக்கிறாரோ என்று, இன்றைக்கும் ஒவ்வொரு பெட்டியையும் அவர் தலைக்கு மேல் இறக்குவதாக நினைத்துத்தான் மெதுவாக இறக்குகிறேன்.