ராத்தாவுக்காகக் கையேந்த முடியாமல் போனபோது

பெண்மக்களே, உங்கள் எல்லோர் மீதும் அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும்.

கூடப் பிறந்த மூத்தவள், என் ராத்தா, பாயில் கிடந்து காய்ச்சலில் பிதற்றுகிறாள். அவளுக்குச் சுகம் கேட்டுக் கையேந்தினால் எனக்கு வாய் வரவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், காத்தான்குடியில், எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்யாணமாகாத குமர்ப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் யாராவது ஒருத்திக்கு இது உதவும் என்றுதான் வாய் திறக்கிறேன்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வர வேண்டும். இருந்த ஒரே வீட்டை வாப்பா ராத்தா பாத்தும்மாவுக்குக் கொடுத்தார். அவள் மாப்பிள்ளை, என் மச்சான், வந்து சேர்ந்தார். எனக்கென்று தொடங்கிய வீடு, யுத்தத்தில் சாமான் கிடைக்காமல் அரைச்சுவரில் நின்றுவிட்டது. வீடு இல்லாமல் மாப்பிள்ளை ஏது? உம்மா, வாப்பா, நான் எல்லோரும் ராத்தாவின் வீட்டிலேயே இருந்தோம். ஒரே கிணறு, ஒரே அடுக்களை. மச்சானை அந்நிய ஆண் என்று ஒருவரும் நினைக்கவில்லை. குர்ஆன் ஓதப் போன காலத்தில், மச்சானும் அந்நிய ஆண்தான் என்பது என் காதில் விழுந்ததுதான். காதோடு நின்றுவிட்டது.

நான் தாவாரத்தில் தறி போட்டுக் கைலிச் சாறன் நெய்தேன். நூலுக்குப் பெரிய தட்டுப்பாடு. மச்சான்தான் எங்கெங்கோ அலைந்து நூல் கொண்டுவருவார். நெய்ததை மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் விற்பதும் அவர்தான். நூலைத் தந்துவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் இருந்து கதைப்பார், கேலி பண்ணுவார். மச்சான் கேலி பண்ணினால் யார் குறை பிடிப்பார்கள்?

ராத்தாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அதோடு காய்ச்சல் பிடித்தது. நாட்டுப் பரியாரியின் கசாயமும் கொடுத்தோம், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரி மருந்தும் எடுத்தோம். காய்ச்சல் இறங்கும், மறுபடி ஏறும். உம்மா அவளோடு கிடந்தா. குழந்தையும் அடுக்களையும் என் தலையில். மச்சானுக்குச் சோறு வைப்பதும் நான்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"நீ இல்லாட்டி இந்த ஊட்டுல எனக்குப் பச்சத்தண்ணி தரவும் ஆளில்ல, செய்னம்பு."

சாதாரணப் பேச்சுத்தான். சொன்ன விதம் சாதாரணமாக இல்லை. எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் நான் பயந்தேன்.

அடுத்த நாள் கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "பாத்தும்மாக்கு ஏதும் எண்டாலும் மாப்பிள்ள வெளிய போகமாட்டார்கா. உள்ளுக்கே ஒருத்தி இரிக்காளே" என்று சிரித்தாள். மூத்தவள் கண்மூடி மவுத்தானால் இளையவளைக் கல்யாணம் முடித்துக் கொடுப்பது ஊரில் நடக்கிறதுதான். நான் என் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பேச்சு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்துதான் ராத்தாவுக்காகக் கையேந்திக் கேட்கிற துஆ வாயில் நின்றுபோனது. "யா அல்லாஹ், என் ராத்தாவுக்கு" என்று தொடங்குவேன். மேலே வராது. அவள் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பதறிப் பார்க்கிறேனா, காத்துப் பார்க்கிறேனா? எனக்கே தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. உம்மாவிடம் சொன்னால் ராத்தாவின் குடும்பம் குலைந்துவிடும். ஏறாவூரில் சாச்சி வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் குழந்தையை யார் பார்ப்பது? எந்தப் பக்கமும் வழி இல்லாமல் தவித்தேன்.

ஒரு பகல் ராத்தா என்னைக் கூப்பிட்டாள். "கதவச் சாத்திப்போட்டு இஞ்ச வாகா" என்றாள். தெரிந்துவிட்டது, இன்றைக்குத் தொலைந்தேன் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். கை நெருப்பாகக் கொதித்தது.

"நான் மவுத்தாப் போனா வேற பொம்புள வந்து எண்ட புள்ளயப் பாக்கமாட்டா. நீ மச்சான முடிச்சிக்க. ஓம் எண்டு வாக்குத் தா."

என் மனம் களவாக நினைத்ததை அவளே தூக்கி என் கையில் தருகிறாள், அதுவும் ஹலாலாக. ஓம் என்ற ஒரு சொல்தான். அது தொண்டை வரை வந்தது. அப்போதுதான் நான் எதற்குக் காத்திருந்தேன் என்று எனக்கே விளங்கியது.

"மாட்டன் ராத்தா" என்றேன். "நீங்க எழும்புங்க. உங்கட புள்ளய நீங்களே பாருங்க."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் ஓடிப்போய்க் கைகால் கழுவி ஒழு எடுத்து, ளுஹர் என்ற பகல் தொழுகையைத் தொழுதேன். நெற்றியைப் பாயில் வைத்துச் சஜ்தாவில் விழுந்தபோது எல்லாம் வெளியே வந்தது. "யா அல்லாஹ், என் மனதில் இருந்த அசிங்கம் உனக்குத் தெரியும். எனக்கு ராத்தாவைத் தா. மச்சானை வேண்டாம், ஹலாலாக வந்தாலும் வேண்டாம். அந்தக் கதவை அடைத்துவிடு. எனக்கு ஒரு வழி காட்டு." அழுததில் பாய் நனைந்தது. எத்தனையோ நாளாக வராத துஆ அன்று தங்குதடையில்லாமல் வந்தது.

தலை தூக்கியபோது, மச்சான் பக்கத்தில் வந்திருந்து கதைக்கிற அந்தத் தறிதான் கண்ணில் பட்டது. ராத்தாவிடம் போய், "தறிய உங்கட அறைக்குள்ள போடட்டா?" என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் இருந்த முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு, "போடு. சும்மாக் கிடந்து எனக்கும் அலுத்துப்போச்சு" என்றாள். வாப்பா தறியைக் கழற்றி உள்ளே பூட்டித் தந்தார். நோயாளியின் அறைக்குள் இந்தச் சத்தமா என்று உம்மா முணுமுணுத்தா.

மச்சான் நூற்கட்டோடு வந்து வாசலில் திகைத்து நின்றார். "இதென்ன புதுப் பழக்கம்?" என்றார்.

நான் முக்காட்டை இழுத்துவிட்டுத் தறியைப் பார்த்தபடி, "நூல ராத்தாட்டக் குடுங்க மச்சான். இனி நிறம் பாத்து எடுக்கிறது அவதான்" என்றேன்.

கையிலிருந்த நூற்கட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து ராத்தாவின் பாயருகில் இருந்தார். நோய்க்குப் பயந்து அந்த அறைக்கு வராமலே இருந்த மனிதர் அவர். நெற்றியில் கை வைத்து, "இன்னும் காயுதே" என்றார். ராத்தா அழுதாள். பொய் சொல்லமாட்டேன், எனக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் பயம் விட்டுப் போய்விட்டது. அன்று இரவு வயிறாரச் சாப்பிட்டேன்.

நோன்பு மாதத் தலைப்பிறை காண முன்பே காய்ச்சல் இறங்கியது, பிறகு ஏறவே இல்லை. பெருநாளைக்கு ராத்தா தானே நடந்து கிணற்றடிக்குப் போனாள். என் வீட்டின் மீதிச் சுவரை வாப்பா களிமண்ணால் எழுப்பித் தென்னங்கிடுகு வேய்ந்தார். அந்தக் குடிலுக்கும் அல்லாஹ் ஒரு நல்ல மனிதரை அனுப்பினான்.

பெண்மக்களே, ஹராமான உறவு வேலி பாய்ந்துதான் வரும் என்று காத்திருக்காதீர்கள். அது சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்திலும் வந்து இருக்கும். எந்த ஆசையை அல்லாஹ்விடம் வாய்விட்டுக் கேட்க உங்களால் முடியவில்லையோ, அந்த ஆசையை விட்டு ஓடுங்கள். ஓட இடமில்லாவிட்டால் அவனிடமே சொல்லி அழுங்கள். அவன் வழி விடுவான். எனக்கு விட்டான்.

இதை உங்களிடம் சொல்வதற்கு முன் ராத்தாவிடம் போனேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அண்டைக்கு நீ ஓம் எண்டிருந்தா, புள்ளைக்கு ஆள் இரிக்கி எண்டு நான் நிம்மதியாக் கண்ண மூடியிருப்பன்" என்றாள். "நீ மாட்டன் எண்ட பொறகுதான் எழும்பத்தான் வேணும் எண்டு நெனச்சன்."

ஆயுள் அவன் கையில். எல்லாப் புகழும் அவனுக்கே.