ஒரு சில்லுக்கான இடம்

நம்பாதவர்கள் நம்பவே வேண்டாம். ஆனால் இது நடந்தது. போன மழைக்காலத்தில், மாட்டுங்காவில், எங்கள் வீட்டிலேயே நடந்தது.

கற்களைப் பிரித்து அடையாளம் காண்பது என் வேலை. செம்பூரில் ஒரு கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டியபோது ஆதிமனிதர்களின் கல் சில்லுகள் கிடைத்தன. அடி விழுந்த இடத்தில் சின்னப் புடைப்பு, அதிலிருந்து அலை அலையாக வரி. இரண்டும் இருந்தால் மனிதக் கை உடைத்தது. இல்லாவிட்டால் வெறும் ஜல்லி. சில்லுகளை, அவை பெயர்ந்து வந்த கல்லிலேயே திரும்பப் பொருத்திப் பார்ப்போம். அன்று அந்த வேலையை வீட்டில் செய்துகொண்டிருந்தேன். எல்லாம் பொருந்திவிட்டது. விரல் நீளக் கத்திச் சில்லு ஒன்றின் இடம் மட்டும் காலி.

மன்னி சாதனாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. அண்ணா குர்லாவில், தண்ணீரில் நின்றுபோன லோக்கல் ரயிலுக்குள் மாட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

மாலை 5.40. கரண்ட் போயிற்று.

டக்... டக்...

கல்லில் கல் தட்டும் சத்தம். என் அறையிலிருந்து வந்தது. ஓடிப் பார்த்தேன். யாரும் இல்லை. தரையில் மட்டும் புதிதாகக் கல் தூள்...

"மன்னி, என் கல்லைத் தொட்டேளா?"

"நன்னாயிருக்கு! எழுந்து நிக்கவே முடியலே. வந்தனா... வலி வந்துடுத்துடி!"

கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர். ஆம்புலன்ஸ் நகரவில்லை. டாக்டர் போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். பெண் குழந்தை. ஆனால் அழவில்லை.

"துணியால நன்னா தேய். கொடியைத் தொடாதே" என்றார் டாக்டர்.

துண்டு எடுக்க ஓடினேன்.

டக்.

குழந்தை வீறிட்டது.

திரும்பி வந்தேன். கொடி அறுபட்டிருந்தது. ஏதோ புல்லால் இறுக்கிக் கட்டியும் இருந்தது.

"நீதானேடி அறுத்தே?" என்றாள் மன்னி, கண்ணைத் திறக்காமல். "உன் கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"



என் அறைக்குப் போனேன். காலி இடம் நிரம்பியிருந்தது. சில்லு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பழைய கல்லுக்கே உரிய மங்கிய தோல். அதன் கூரில்... ஈர ரத்தம்.

பிறகு தெரிந்ததை மன்னியிடம் இன்னும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. குழந்தையைத் தனியே விடாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

செம்பூரில் அந்தக் கல் கிடந்த இடத்துக்குக் கீழே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு இருந்தது.

குழந்தையை அணைப்பதுபோல் இரண்டு கைகளும் மடங்கியிருந்தன.

அணைப்புக்குள் ஒன்றும் இல்லை.