ராஜகுமாரி மற்றும் குழுவினர்

அம்பத்தூர் எஸ்டேட் போகும் ஷேர் ஆட்டோவில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பி உண்டு. காலை வேளையில் ராஜகுமாரியின் பத்து விரல்களும் அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கும். கம்பி போதாத இடங்களில் பக்கத்தில் இருப்பவரின் டிபன் பை, ஆட்டோக்காரரின் தோள் என்று சுரம் எங்கே இருக்கிறதோ அங்கே கை போய்விடும். "எறங்கணும்னா வாயால சொல்லுக்கா, தோள்ல தட்டாத" என்று அவர் திரும்புவார். "நான் எங்க உன்னிய கூப்ட்டேன்? அங்க ஒரு கட்ட கீது, அத அமுக்கினேன். நீ ரோட்ட பாரு" என்பாள். ஒரு காதில் இயர்போன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஐம்பது வருடங்களுக்கு முன் வாசித்த ஆர்கன் அதில் ஓடும். இன்னொரு காது, சேக்காட்டில் கூடவே ஏறும் ஞானம்மாள் தன் மருமகளைப் பற்றிச் சொல்வதைக் கேட்பதற்கு.

ராஜகுமாரிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் வேலை. எதிரே குவித்துக் கொட்டிய வாஷர்களில் நல்லதை இந்தப் பக்கமும் பிசிறடித்ததை அந்தப் பக்கமும் தள்ள வேண்டும். ஷிஃப்ட் முடியும் வரை இரண்டு கையும் நிற்காது. முடிந்து வீட்டுக்கு வந்தாலும் நிற்காது. பேசும்போது முந்தானையை மடித்து மடித்துப் பிரிப்பாள், டீ ஆறும்வரை மேஜையைத் தட்டுவாள். தூக்கத்திலும் விரல் ஆடுகிறது என்கிறார் கணவர் கஜபதி. ஆடுவது அவர் முதுகில்தானாம், ஆகவே நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

லீவு நாட்களில் லைட் மியூசிக். ஆடி மாதத்தில் ஆவடி சுற்று வட்டாரத்து அம்மன் கோயில் மேடைகளில், கீபோர்டுக்குப் பின்னால் தலை மட்டும் தெரிகிற அம்மாள் இவள்தான். அறிவிப்பாளர் பாடகர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக நீட்டி முழக்கிவிட்டு, மூச்சு வாங்கும் நேரத்தில் "மற்றும் குழுவினர்" என்று முடிப்பார். அந்தக் குழுவினரில் பாதி ராஜகுமாரி. வயலின் இவள், புல்லாங்குழல் இவள், நாதஸ்வரம், வீணை, சலங்கை, அம்மன் எழுந்தருளும்போது இடிக்கும் இடி எல்லாம் இவளே. அந்த மேடையில் ஒரே ஒரு சட்டம்தான்: சத்தம் நிற்கக் கூடாது. பாடகர் தண்ணீர் குடித்தால் அந்த இடத்தில் புல்லாங்குழல். மைக் மாற்றினால் வீணை. பாடகி வரியை மறந்தால் இடி. "கேப் உட்டா ஜனம் எந்திரிச்சு பஜ்ஜி கடைக்குப் பூடும்" என்பது இருபது வருட அனுபவத்தில் அவள் கண்ட உண்மை.

இப்படிப்பட்டவளை ராக் பேண்டில் கொண்டு சேர்த்த புண்ணியம் நிஷாவுடையது. அதே கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கிற பெண். ஆயுத பூஜையன்று மெஷின்களுக்கு நடுவே ராஜகுமாரி வாசித்ததைக் கேட்டுவிட்டாள். பழைய ஆங்கில ராக் பாட்டுகளை அச்சு அசலாக வாசிப்பது நிஷாவின் குழு. அவள் பாட, செல்வகுமார் டிரம்ஸ் அடிக்க, விக்ரம் கிதார் வாசிப்பான். கீபோர்டு வாசித்த கோகுல்நாத்துக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டதால் அந்த இடம் காலி. குழுவுக்குத் தலைவன் விக்ரம். ஆவடி டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், இப்போது ஐ.டி.யில் இருக்கிறான். ஒரு சுரம் பிசகினாலும் பல்வலி வந்தவன் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொள்வான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லியில் செல்வகுமார் வீட்டு மொட்டை மாடி ஷெட்டில், ஆர்கன் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று விக்ரம் வகுப்பு எடுத்தான். பெட்டிக்குள் ஸ்பீக்கர் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் ஒலி அலையும் என்றான்.

"டேபிள் ஃபேன் முன்னாடி குந்திகினு ஆஆன்னு கத்துனா வருமே, அதானே?"

விக்ரம் யோசித்தான். மறுக்க வழியில்லை. "அதேதான்க்கா" என்றான்.

அந்த ஒரு வெற்றியோடு அன்றைக்குச் சரி. அடுத்த பாட்டில் அவளுடைய இடது கை, சுரத்தை வளைக்கிற சக்கரத்தைப் பிடித்து உருட்ட, ஆர்கன் ஒப்பாரி வைத்தது. விக்ரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அந்த இடத்துல அழக் கூடாதுக்கா."

"சோகப் பாட்டு தானே நைனா? நிஷா எப்டி உருகினுகீது பாரு."

"சோகமெல்லாம் இல்ல. அது கார் ஓட்டறதப் பத்தின பாட்டு."

"காருக்கு இன்னா, பஞ்சரா?"

பாட்டுகளின் பெயர் அவள் வாயில் நுழையாது. நுழையாத பெயருக்காக அவள் வருத்தப்பட்டதும் கிடையாது. எதைக் கற்றுக்கொள்ளும்போது என்ன நடந்ததோ அதுவே பெயர். ஒன்று 'கரிஞ்ச கொழம்பு', ஒன்று 'கேஸ்காரன்', ஒன்று 'சின்ன நாத்தனார்'. நாளடைவில் மற்றவர்களும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒருவர் ஒத்திகை பார்க்க வந்தபோது, "அடுத்தது கரிஞ்ச கொழம்பு, மச்சான், ஸ்பீட குறைச்சுக்கோ" என்று செல்வகுமார் சொன்னதைக் கேட்டு, ஏதோ புது வகை இசை போலிருக்கிறது என்று அடக்கமாக உட்கார்ந்துவிட்டார்.

கீபோர்டு சேக்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு டி.வி.எஸ்.ஸில் போகும். கஜபதி ஓட்ட, ராஜகுமாரி பின்னால் அமர, நடுவே அது குறுக்காகக் கிடக்கும். எதிரே வருகிற வண்டிகள் தாமாக ஒதுங்கும். ஷெட்டில் கொண்டுபோய் இறக்கியதும் கஜபதி மூலையில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். டிரம்ஸ் காதைப் பிளந்தாலும் குறட்டை நிற்காது. சத்தம் நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்து, "இன்னா, கரண்டு பூட்ச்சா?" என்பார்.

எல்லாப் பாட்டுகளும் எப்படியோ கைக்கு வந்தன, ஒன்றைத் தவிர. பூட்டிய ரயில்வே கேட்டில் வெயிலில் நின்றபடி அவள் முதல்முதலாகக் கேட்ட பாட்டு அது. பெயரும் அதுவே: 'ரயில்வே கேட்டு'. பாட்டும் அந்த மாதிரிதான். தொடக்கத்தில் கீபோர்டு கொஞ்சம் வாசிக்கும். அப்புறம் அதற்கு வேலையே கிடையாது. நிஷா பாடுவாள், விக்ரம் கிதாரை வைத்துக்கொண்டு என்னென்னவோ செய்வான், கீபோர்டுக்காரி கேட்டில் நிற்கிற மாதிரி நிற்க வேண்டும். பிறகு டிரம்ஸ் ஒரு அறை அறைந்து நிற்கும். எட்டு எண்ணும்வரை ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. அது முடிந்ததும், தன்னந்தனியாகக் கீபோர்டு மட்டும், முழுதாக ஒரு நிமிடம்.

அந்த ஒரு நிமிடத்தை அவள் கரைத்துக் குடித்துவிட்டாள். தகராறு அதற்கு முந்தைய சும்மா இருப்பதில்தான். ஒத்திகையில் நிஷா மூச்சு வாங்கினால் புல்லாங்குழல் எட்டிப் பார்க்கும். விக்ரம் கிதாரில் விழுந்து எழுந்தால் பின்னாலேயே வீணை போகும். எட்டு எண்ணும் மௌனத்தில் நான்காவது எண்ணுக்குள் சலங்கை குலுங்கும்.

"அக்கா, இங்க ஒண்ணுமே வாசிக்காதீங்க."

"ஒண்ணுமே வாசிக்காம இன்னா பண்றது? வேடிக்க பாத்துகினு நிக்கவா?"

"ஆமாக்கா. அதான் பாட்டு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பொறுமை இழந்தான். கோகுல்நாத் விமானம் ஏறுவதற்கு முன் தன் பங்கை எல்லாம் பதிவு செய்து விக்ரமின் லேப்டாப்பில் போட்டுவிட்டுப் போயிருந்தான். வேலப்பன்சாவடிப் பக்கத்து என்ஜினீயரிங் கல்லூரி ஒன்றின் ஆண்டு விழா வருகிறது; அந்த மேடையில் நடுவிலே கட்டைமேல் அவள் கை போனால், கடைசி ஒரு நிமிடத்தை லேப்டாப் வாசித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டான். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்று வேறு சேர்த்துக்கொண்டான்.

ராஜகுமாரி கீபோர்டின் ஸ்விட்சை அமுக்கி அணைத்தாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுவே பயமாக இருந்தது.

"இருவது வருசமா நானு 'மற்றும் குழுவினர்' நைனா" என்றாள். "பாடறவனுக்கு மூச்சு முட்டுச்சுன்னா வாசிச்சேன். பேசறவனுக்குப் பேச்சு வரலன்னா வாசிச்சேன். இதுல ஒரு நிமிசம் கீது. யாரும் பாடல, யாரும் பேசல. எனக்கோசரம் அல்லாரும் சும்மா நிக்கறாங்க. அத இந்தப் பொட்டிகிட்ட குடுக்க மாட்டேன்."

விக்ரமுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் லேப்டாப்பை மூடவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் சும்மா இருக்கும் பயிற்சி நடந்தது. கஜபதிதான் பயிற்சியாளர். கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கட்டிய கை முழங்கையில் தாளம் போட்டது. தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பாட்டில் தபேலா ஆனது. கடைசியில், "போலீஸ்காரன் புட்ச்ச மேரி பின்னாடி வெச்சுக்கம்மே" என்றார். வலது மணிக்கட்டை இடது கையால் முதுகுக்குப் பின்னே இறுக்கிப் பிடித்தாள். கைகள் அடங்கின. அந்தக் கோலத்தில் தினமும் டி.வி. முன்னால் நின்று, சீரியலில் மாமியார் முறைக்கிற இடங்களில் எல்லாம் இடி போடாமல் இருக்கப் பழகினாள். இதைவிடக் கடினமான விரதம் அந்த வீட்டில் யாரும் இருந்ததில்லை.

விழா அன்று கரிஞ்ச கொழம்பு கரியாமல் இறங்கியது. கேஸ்காரன் வந்து போனான். சின்ன நாத்தனாருக்கு மாணவர்கள் எழுந்து ஆடினார்கள். கடைசியாக ரயில்வே கேட்டு. ராஜகுமாரி தொடக்கத்தை வாசித்தாள், கையைப் பின்னால் கட்டினாள், நின்றாள். நிஷா மூச்சு வாங்கினாள், புல்லாங்குழல் வரவில்லை. விக்ரம் மண்டியிட்டு, மல்லாந்து, எழுந்தும் விட்டான்; வீணை வரவில்லை. அவன் நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவள் கிரில் கேட்டுக்குப் பின்னால் நிற்பவள்போல நின்றாள். விழாவை நடத்திய பேராசிரியர் குணசேகரன், தாமதமாக வந்து சேர்ந்த தாளாளரை மேடைப் படியில் நிறுத்தி, கையில் பொன்னாடையோடு பாட்டு முடியக் காத்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

டிரம்ஸ் அறைந்து நின்றது. அரங்கம் அடங்கியது. ராஜகுமாரி முன்னால் கொண்டுவந்த கைகளைக் கட்டைகளுக்கு மேலே நிறுத்தி, மனசுக்குள் எண்ணினாள். பாட்டு முடிந்தது என்று நினைத்துப் பேராசிரியர் விறுவிறுவென்று ஏறிவந்து, அவளுக்கு நேர் எதிரே, பளபளவென்று பொன்னாடையை உதறி விரித்தார்.

லைட் மியூசிக் மேடையில் பொன்னாடை விரிந்தால் கீபோர்டு முழங்க வேண்டும். முழங்காவிட்டால் போர்த்திக்கொள்பவருக்குப் போர்த்திய நிறைவே வராது. எத்தனையோ கவுன்சிலர்களின் தோளுக்கும் விழாக் கமிட்டித் தலைவர்களின் தோளுக்கும் முழங்கிய கைகள் அவை. ராஜகுமாரியை அவை கேட்கவே இல்லை. இடது கை நாதஸ்வரப் பொத்தானை அமுக்கியது. வலது கை இறங்கியது.

"டட்டட் டட்டட் டடாஆய்ங்!"

அரங்கமே எழுந்து விசிலடித்தது. கூட்டத்தின் மத்தியிலிருந்து, "அக்கா வேற லெவலு!" என்று ஒரு குரல் வந்தது. தாளாளர் நெகிழ்ந்துபோய் நான்கு திசைக்கும் கும்பிட்டார். மைக்கை வாங்கி, இரண்டே வார்த்தை என்று ஆரம்பித்து, ஒழுக்கத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். இறங்கும்போது, "மீதிப் பாட்டு இருந்தா வாசிச்சுடுங்கம்மா" என்று ராஜகுமாரியிடம் பிரத்தியேகமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. இவ்வளவு தூரம் வந்து, எட்டில் ஐந்துவரை எண்ணிவிட்டு, எவருடைய தோளுக்காகவோ தன் நிமிடத்தைத் தானே கெடுத்துக்கொண்டாளே என்று அவளுக்கு அழுகை முட்டியது. கிதாரைக் கழற்றாமலே விக்ரம் அருகில் வந்தான். லேப்டாப் அவளுக்குப் பக்கத்து ஸ்டூலில், தயாராகத் திறந்திருந்தது.

"பரவால்லக்கா. நான் டிராக் போட்டுக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பாள். பரிவாகச் சொன்னான், அதுதான் தாங்கவில்லை.

மௌனத்திலிருந்து மறுபடி எடுப்பதற்காக, செல்வகுமார் குச்சிகளைத் தட்டி எண்ணத் தொடங்கினான். விக்ரமின் விரல் லேப்டாப்பை நெருங்கியது. ராஜகுமாரி இடது கையால் மூடியைச் சாத்தினாள். "அக்கா" என்று அவன் அதைத் திறக்கப் போனான். அவள் இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை உருவி, புறப்படுகிற பஸ்ஸில் ஜன்னல் வழியாக இடம் போடுவதுபோல, மூடியின்மேல் பொத்தென்று போட்டாள். ஆவடியில் பஸ் ஏறி வளர்ந்த பிள்ளை விக்ரம். அதற்குமேல் அவன் கை அங்கே போகவில்லை.