எல்லாரும் பாத்தாச்சுங்களா?

"எல்லாரும் பாத்தாச்சுங்களா? மூடலாங்களா?"

ஆணிகளைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, ஸ்தனிஸ்லாஸ் சாவு வீட்டில் கேட்கும் கேள்வி இது. யாராவது ஒருவர் 'இருங்க' என்றால் போதும், அப்படியே நின்றுவிடுவார். சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்க்கட்டும், கல்லறைத் தோட்டத்திலிருந்து ஆள் மேல் ஆள் வரட்டும், வீட்டுக்காரர்கள் தலையசைக்காமல் சுத்தியல் முன்னால் வராது. பாலக்கரையில் சவப்பெட்டி செய்கிறவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். ஆனாலும் ஜனங்கள் இவரைத் தேடி வருவது இந்தக் கேள்விக்காகத்தான்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வருகிறவர்களை அவர் "வாங்க" என்று சொல்வதுமில்லை. சட்டென்று எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வார், அவ்வளவுதான் வரவேற்பு. நோயாளி யாரையும் போய்ப் பார்க்க மாட்டார். மச்சான் அமிர்தசாமி டைபாய்டில் கிடந்தபோதுகூட ஹார்லிக்ஸ் பாட்டிலை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டுத் தெருமுனையிலேயே நின்றுகொண்டார். "நான் போயி நின்னா நல்லாருக்கிறவனுக்கே வயித்தக் கலக்கும்" என்பது அவர் கட்சி. மச்சான் பிழைத்து எழுந்தார். ஆனால் இன்றுவரை இவரோடு பேச்சில்லை.

இப்படிப்பட்ட மனிதர், ஒரே மகள் அக்னஸ் விஷயத்தில் மட்டும் கூச்சத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டார். அக்னஸ் ரசாயனம் படித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். அப்பா என்ன தொழில் என்று யாராவது கேட்டால் 'மரவேலை' என்று சொல்லும்படி அவளுக்கு உத்தரவு. கடையின் வாடையே படாத தூரத்துக்கு அவளை அனுப்பிவிட வேண்டும், அது அமெரிக்காவாக இருக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். துக்க வீடு என்றால் டாக்டர்கள், காலேஜ் வாத்தியார்கள், பெரிய உத்தியோகஸ்தர்கள் எல்லாரும் வருவார்கள் அல்லவா? மெல்ல அவர்கள் பக்கத்தில் போய் நிற்பார். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அமெரிக்காவுல என்ன படிச்சா வீசா குடுப்பாங்க?" கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் கைக்குட்டையும் கையுமாகத் திகைத்து நின்றதுண்டு.

இப்படிக் கேட்டுக் கேட்டே விதிகளெல்லாம் அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டன. தபாலில் படிக்கிற படிப்பு ஆகாது. சாயங்கால வகுப்பும் ஆகாது. அந்த ஊர் சர்க்கார் ஒப்புக்கொண்ட காலேஜில் முழுநேரமும் உட்கார்ந்து படிக்க வேண்டும். முடித்ததும் ஊர் திரும்ப வேண்டும். இதற்கெல்லாம் மேலே, சீன யுத்தத்துக்குப் பிறகு நம் சர்க்காரே போட்ட முட்டுக்கட்டை ஒன்று: இங்கேயே படிக்கக்கூடிய படிப்புக்கு வெளிநாடு போக டாலர் மாற்றித் தர மாட்டார்கள். ரசாயனத்தில் மேல்படிப்பு இங்கேயே இருக்கிறது, அதனால் ரசாயனம் போயிற்று. தோல் பதனிடுவதும் சர்க்கரை காய்ச்சுவதும் அதே வழியில் போயின. இந்தியாவில் இல்லாத படிப்பு எது என்று அலைந்து அலைந்து மனிதர் இளைத்தே போனார்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, அப்பாவுக்கு இட்லி வைத்துக்கொண்டே அக்னஸ் சொன்னாள். "படிப்பு கெடைச்சிருச்சுப்பா. வீசாவுக்கு ஆகும். இந்தியாவுல எங்கயும் இல்ல. எடமும் குடுத்துட்டாங்க."

"என்னம்மா படிப்பு?"

"செத்தவங்க உடம்பக் கெடாம வைக்கிற படிப்பு. அடக்கத்துக்கு முன்னால செய்யுறது எல்லாம் அதுல வரும். அங்க அதுக்குன்னே காலேஜ் இருக்கு."

பிட்ட இட்லி ஸ்தனிஸ்லாஸின் கையிலேயே நின்றது. பிணத்துக்கு ஒரு காலேஜா? அதற்குப் பட்டம், வீசா, கப்பலா? எந்த வாடை இவள்மேல் படக்கூடாது என்று இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்தாரோ, அதே வாடையைத் தேடி இவள் ஏழு கடல் தாண்டப் போகிறாளா? அவருக்குத் தலையில் இடி விழுந்தது போல இருந்தது. கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே போட்டார். பிறகு ஒரு நப்பாசை பிறந்தது.

"சரி, வீசாவுக்கு அதச் சொல்லிட்டு, போனதும் வேற படிப்புக்கு மாறிக்கலாம்ல?"

"மாற மாட்டேம்ப்பா. அதப் படிக்கத்தான் போறேன்."

"பொம்பளப் புள்ள பொணத்தத் தொடுறதா? ஊரு சிரிக்கும்மா. எவன் உன்னக் கட்டிக்குவான்?"

அக்னஸ் சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மா செத்தப்ப நான் மெட்ராஸ்ல டிரெய்னிங்ல இருந்தேன். தந்தியப் பாத்துட்டு ரயிலேறி, மறுநா காலைல வந்து நின்னேன். மண்ணுதாம்ப்பா இருந்துச்சு. நீங்க என்ன செய்வீங்க, சித்திர வெயிலு, தாங்காது. பம்பாயிலேருந்தும் கொழும்புலேருந்தும் ஓடி வந்து மண்ணப் பாத்துட்டு நிக்கிறவங்க எத்தன பேரு. ஒரு நாள் உடம்ப வச்சிருக்கத் தெரிஞ்சா, அவங்க மொகத்தப் பாப்பாங்கல்ல?"

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மனைவி வியாகுலம்மாளின் பெட்டிக்கு ஆணி அடித்தவர் அவரேதான். மகள் ரயிலேறிவிட்டாள் என்று தெரியும். ஈ மொய்க்கிறதே என்ற பதற்றத்தில், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், மடமடவென்று அடித்து முடித்துவிட்டார். அதுவரை அவரும் மற்றவர்களைப் போல நேரமானால் மூடிவிடுகிறவர்தான். அந்தக் கேள்வி அவர் வாயில் வந்து உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான் என்பது பாலக்கரைக்குத் தெரியாது.

மெட்ராஸில் வீசா அதிகாரி, "திரும்பி வந்து என்ன செய்வாய்?" என்று கேட்டாராம். "பாலக்கரையில் எங்கப்பாவுக்குச் சவப்பெட்டிக் கடை இருக்கிறது" என்று இவள் பளிச்சென்று சொன்னாளாம். அதைக் கேட்டு ஸ்தனிஸ்லாஸுக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளைக்காரன் முகம் சுளிக்காமல் முத்திரை குத்தினான் என்பதை நம்ப அவருக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

நாளைக்குப் பம்பாய் போக ரயில், அங்கிருந்து கப்பல். இன்று காலை கடையில் அவளுடைய சாமான் பெட்டி தயாராக இருந்தது. சவப்பெட்டிகளை மாம்பலகையில் செய்கிறவர், இதைத் தேக்கில் செய்திருந்தார். புத்தகங்கள், புடவைகள், கம்பளி எல்லாம் அடுக்கியாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே வியாகுலம்மாளின் படத்தை முகம் தெரிய அக்னஸ் வைத்திருந்தாள். ஸ்தனிஸ்லாஸ் ஆணிகளைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டார். சுத்தியல் தானாகவே முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"பாத்தாச்சாம்மா? மூடலாமா?"

அக்னஸ் குனிந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருங்கப்பா" என்றாள்.

அவர் ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு, பெட்டிக்கு அந்தப் பக்கம் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.