மருமகள் பக்கத்தில் போகாதீங்க

இரும்புலியூரில் என்னைப் பெண் பார்க்க வந்த அந்த அம்மா, என் வேலை என்னவென்று கேட்டதும் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். கதிர்வீச்சுள்ள மருந்தை நோயாளிக்கு ஊசியில் ஏற்றி, புற்றுநோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஸ்கேன் எடுக்கும் டெக்னாலஜிஸ்ட் நான்.

"இந்தப் பொண்ணுக்குக் குழந்தை பிறக்குமா சார்? பிறந்தாலும் கை கால் ஒழுங்கா இருக்குமா?" என்று அப்பாவிடம் கேட்டார். பாதுகாப்பு முறைகளை எல்லாம் நான் சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். போகிற வழியில் எங்கள் தெருவிலும் இதையே சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்த இரண்டு வரன்களும் அந்தப் பேச்சால் நின்றன. "வேலையை விட்டுடேன்மா" என்று அப்பாவே கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த அம்மா மேல் வெறுப்பு வந்தது.

நான்கு வருஷம் கழித்து எங்கள் தாம்பரம் ஸ்கேன் சென்டருக்கு அதே அம்மா வந்தார். மார்பில் ஆபரேஷன் முடிந்து, வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க. கர்ப்பிணி மருமகள் வெளியே ஹாலில் உட்கார்ந்திருந்தாள். நான் மாஸ்க் போட்டிருந்ததால் அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஊசியிலோ ஸ்கேனிலோ நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் மாஸ்கைக் கழற்றினேன்.

"மருமகளுக்கு எத்தனாவது மாசம் ஆன்ட்டி?"

"ஏழு."

"இன்னிக்கு முழுக்க அவங்க பக்கத்துல போகாதீங்க. இப்ப உங்க உடம்புலேர்ந்துதான் கதிர் வருது."

எல்லோரிடமும் சொல்வதுதான். கூடவே, "கொஞ்ச நேரத்துல தானா குறைஞ்சிடும், பயப்படாதீங்க" என்றும் சொல்வோம். அதை மட்டும் நான் சொல்லவில்லை.

என் முகத்தையே பார்த்தார். "நீ... இரும்புலியூர் பொண்ணு இல்ல?"

"ஆமா ஆன்ட்டி. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. நல்லா ஓடியாடுறா."

அவர் வேகமாக வெளியே நடந்தார். ஹாலுக்குப் போனதும் மருமகள் தண்ணீர் பாட்டிலோடு எழுந்து வந்தாள். "வராதே! அங்கேயே நில்லு!" என்று கத்திவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குத் தனி ஆட்டோ பிடித்தார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று கடைசிவரை பார்த்தேன். மனசு குளிர்ந்தது.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. நோய் எங்கும் பரவவில்லை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அவர் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். பேரப்பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் என் முகம் அவர் நினைவுக்கு வர வேண்டும்.