ஊருக்காண்ட வந்த தங்கம்

என் அண்ணனைத் தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ரீப்ஸ் ரயில் ஸ்டேஷனில் வைத்துப் போலீஸ்காரர்கள் பிடித்தார்கள். நான் சுரங்கக் கூலிகளுக்கான லைன் வீட்டில் அவனுக்காகக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, "ஒங்கண்ணன் மடியில தங்கம் ஆப்புட்டுச்சாமே!" என்றாள். சொன்னவள் உடனே போகவில்லை. என் வீட்டுப் பானை சட்டியெல்லாம் கண்ணாலேயே ஒரு தரம் துழாவிவிட்டுத்தான் போனாள். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அது என் தாலிக்கான தங்கம். அம்மா கட்டியிருந்த தாலி எங்களிடம் இருந்தது. போய்ச் சேர்ந்தவள் தாலியை அப்படியே மகளுக்குக் கட்டக் கூடாது, உருக்கிப் புதிதாகச் செய்ய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் அண்ணன் சுரங்க வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ரயிலேறிச் சொந்த ஊர்ப்பக்கம் குடியாத்தம் போய், எங்கள் குடும்பத்து ஆசாரியிடம் அதை உருக்கி, புளியங்கொட்டை அளவு உருண்டையாக வாங்கி வந்தான். மாப்பிள்ளை வீட்டு மாதிரிக்கு அதைத் தாலியாக அடிப்பது அவர்கள் பொறுப்பு. மாப்பிள்ளை எங்களுக்கு அடுத்த லைன்தான். சுரங்க ஷாஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் வேலை. அண்ணன் கிளம்பும் முன் அம்மாவின் தாலியைத் தன் கையிலேயே வாங்கிப் பார்த்து, "கெட்டியாத்தான் கீது, உருக்கி எடுத்துக்கினு வாங்க" என்று சொன்னவர் அவர்.

போலீஸ் கச்சேரியில் அண்ணனை, "எங்கிருந்து கொண்டு வந்தே?" என்று கேட்டிருக்கிறார்கள். பயத்தில் அவன் வாய் குழறி, "எங்க ஊருக்காண்டயிருந்துதாங்க" என்றிருக்கிறான். எங்களைப் போன்ற வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு வீட்டருகே என்றால் 'வீட்டாண்ட', ஊருக்குப் பக்கத்தில் என்றால் 'ஊருக்காண்ட'. வாக்குமூலம் எழுதினவரோ மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். அவர் காதில் அது 'ஊர்காம்' என்று விழுந்திருக்கிறது. துரைமார் இங்குள்ள ஊரிகம் சுரங்கத்தை அப்படித்தான் சொல்வார்கள். ஊரிகம் சுரங்கத்திலிருந்து கொண்டு வந்தேன் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதி, கைநாட்டும் வாங்கிவிட்டார்கள். பாவி, வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம்!

எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது. ஸ்டேஷனில் இறங்கின அத்தனை பேரில் என் அண்ணன் மடியை மட்டும் ஏன் அவிழ்க்கச் சொன்னார்கள்? போட்டுக் கொடுத்தது யார்? பால்காரனா, பானையைத் துழாவினவளா, கூட வேலை செய்தவர்களா? அன்று மாலை மாப்பிள்ளை வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நெசத்தைச் சொல்லு. அது ஊரிகத்து சரக்கா?" என்று கேட்டார்.

"நீங்க கையில வாங்கிப் பாத்த தாலிதானே?"

"அது தாலி. இது உருண்டை. ரெண்டும் ஒண்ணுதான்னு எனக்கு இன்னா தெரியும்?"

வக்கீல் ஒருவரைப் பிடித்தோம். நல்ல மனிதர், தமிழ்க்காரர். சுரங்க எல்லைக்குள் ஒருவன் கையில் உருக்கின தங்கம் இருந்தால், அது திருட்டு என்று சர்க்கார் நிரூபிக்க வேண்டியதில்லை, திருட்டில்லை என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும் என்றார். இதென்ன கூத்து! அப்படியானால் உருக்கிக் கொடுத்த ஆசாரியைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன்.

"அங்கதாம்மா சிக்கல். இது மைசூர் மகாராஜா ராஜ்யம். குடியாத்தம் இங்கிலீஷ்காரங்க ராஜ்யம். இந்தக் கோர்ட்டு சம்மன் எல்லையைத் தாண்டினா வெறும் காகிதம். இங்கிலீஷ்காரங்க இங்க வச்சிருக்கற ரெசிடெண்ட் துரை மூலமா எழுதிப் போட்டு, அவங்க ஒத்துக்கிட்டு... மாசக்கணக்காகும்."

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. "போர்மேன் துரை ஒருத்தர் குடிச்சிட்டு ஆளை அடிச்சாரே, அவரை மட்டும் இந்தக் கோர்ட்டு ஏன் கூப்பிடல?"

"வெள்ளைக்காரரை இந்த மேஜிஸ்திரேட் தொட முடியாதும்மா. அவர் இங்கிலாந்து மகாராணியோட பிரஜை."

"நாங்க யாருங்க? குடியாத்தத்துல பொறந்தவங்க மகாராணிக்குப் பிரஜை இல்லியா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரஜைதான். ஆனா வேற மாதிரிப் பிரஜை."

சம்மன் போகாவிட்டால் நானே போகிறேன் என்று குடியாத்தத்துக்கு ரயிலேறினேன். ஆசாரி என் முகத்தைப் பார்த்ததும் பட்டறைக் கதவைப் பாதி சாத்தினார். விஷயம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. "உருக்குனது நான்தாம்மா. ஆனா எல்லையைத் தாண்டி வந்து அதைச் சொன்னா, சுரங்கத் தங்கம் வாங்கற ஆளு நான்தான்னு என்னையே உள்ள தள்ளுவாங்க. அப்புறம் என்னெ யாரு மீட்டுக்கினு வரது?" என்றார். கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். அவர் அசையவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

இனி அந்தத் தங்கத்தைத் தாலியாகப் பார்த்த வெளியாள் மாப்பிள்ளை ஒருவர்தான். வக்கீல் அவரைச் சாட்சிக்கு அழைத்தார்.

விசாரணை நாளில் வக்கீல் முதலில் அண்ணனை அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லச் சொன்னார். மேஜிஸ்திரேட்டுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். "ஊருக்காண்ட, ஊர்காம்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துச் சிரித்துவிட்டார். கோர்ட்டே சிரித்தது. எனக்கு உயிர் வந்தது. எழுதி வாங்கின ஒப்புதல் செல்லாமல் போயிற்று; இனித் தங்கம் எங்களுடையது என்று ஒருவர் சொன்னால் போதும்.

மாப்பிள்ளை கூண்டில் ஏறினார். சுரங்கத்துக் காவல் ஆட்கள் இரண்டு பேர் பின்னால் நின்றிருந்தார்கள். அவர் கண் அவர்களிடம் போய்விட்டு வந்தது.

"இந்தத் தங்கம் எதுக்கு வந்ததுன்னு உமக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"பெண்ணோட அம்மா தாலியை நீர் பார்த்ததில்லையா?"

"இல்லீங்க. தங்கத்தைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவனைப் பிடித்த நாளில்கூட அப்படிக் குனிந்திருக்க மாட்டான்.

மேஜிஸ்திரேட் ஜெயில் கொடுக்கவில்லை, சந்தேகத்தின் பலனைக் கொடுத்தார். ஆனால் தங்கத்துக்கு உரிமை நிரூபிக்கும்வரை அது சர்க்கார் வசம். அண்ணன் வெளிராஜ்யத்து ஆள், சந்தேகத்துக்கு இடமானவன், ஆகவே மைசூர் எல்லையை விட்டு வெளியேற வேண்டும். உள்ளே வந்தபோது அவன் வெளிராஜ்யத்து ஆள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கூலிக்கு வா வா என்றுதான் கூப்பிட்டார்கள்.

மறுநாள் ஸ்டேஷனில் போலீஸ்காரர் ஒருவர் அண்ணன் பக்கத்தில் நின்றார். நான் வழியனுப்ப வந்திருப்பதாக எல்லோரும் நினைத்தார்கள். என் மூட்டை அண்ணன் மூட்டையோடு சேர்ந்து கிடந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையும் வந்தார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் மட்டும் பேசினார்.

"இன்னா பண்றது, என் வேலை போயிடுமேன்னு பயந்துட்டேன். நீ இங்கயே இரு. மனு போட்டா கோர்ட்டு தங்கத்தைத் திருப்பிக் குடுத்துடும். வந்ததும் அடுத்த முகூர்த்தத்துலயே தாலி கட்டிடறேன்."

நான் அண்ணனுக்கு முன்னால் வண்டியில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன்.

"எந்தத் தங்கம்யா?" என்றேன். "உனக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே!"