செத்த காளை மேல் பொறாமை

செத்துப்போன ஒரு காளையின் மேல் நான் வெகுநாள் பொறாமைப்பட்டிருக்கிறேன். மொரப்பூர் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் நான் டாக்டர். ஊர்க்காரர்களுக்கு மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா. என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அலுமினியக் குடுவை இருக்கும். அதற்குள் திரவ நைட்ரஜன், அதில் மெல்லிய குச்சிகளில் அடைத்த காளைகளின் உறைவிந்து. மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை விளிம்பில் வழியும். அந்தக் காளைகளில் ஒன்று எப்போதோ செத்துவிட்டது. செத்த பிறகும் எங்கள் சுற்றுவட்டாரத்தில் அதற்குக் கன்றுகள் பிறந்துகொண்டே இருந்தன. அதன் எண்ணைச் சொல்லி, அதையே போடுங்கள் என்று வந்து கேட்பார்கள். எனக்கு முப்பத்தாறு வயது, உயிரோடுதான் இருந்தேன், என்னைக் கேட்டு யாரும் வரவில்லை.

வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். வந்தார்கள். ஜாதகம் பார்த்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள். ஒரு மாப்பிள்ளையின் அம்மா என் வலது கையையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "மாட்டுக்குள்ளாற வுடறது இந்தக் கைதானுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். காபியை வைத்தது வைத்தபடி எழுந்து போனார்கள். அந்தக் கதையைச் சொல்லி எங்கள் வீட்டில் இன்னமும் சிரிப்பார்கள். முதல் தடவை நானும் சிரித்தேன்.

இதற்கிடையே தம்பிக்கு வயதாகிறது, அவனையும் எத்தனை நாள் நிறுத்தி வைப்பது என்று அவனுக்கு முடித்துவிட்டார்கள். வந்தவள் நல்ல பெண். அதுதான் கஷ்டமே. கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். கல்யாணமான வேகத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை ஓடியாடத் தொடங்கிய சமயத்தில் ஒருநாள் காலையில் அவள் பின்வாசலில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு, "இப்ப வேணாம்னுதான் இருந்தோம் அண்ணி," என்றாள். "அதுவா நின்னுருச்சு."

அவளுக்கு வாந்தி, எனக்கு வயிற்றெரிச்சல். அதுவா நின்னுருச்சு. பஸ் ஸ்டாப்பில் கை காட்டாமலே பஸ் நின்றதுபோல் சொன்னாள். அன்று மருந்தகத்தில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். மாடு பருவத்துக்கு வந்தால் சொற்ப நேரம்தான். காலையில் கத்தினால் சாயங்காலத்துக்குள் சினை ஊசி போட்டாக வேண்டும். நம் ஆட்கள் களை எடுத்துவிட்டு, சந்தைக்குப் போய்விட்டு, மறுநாள் சாவகாசமாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அன்றும் ஒருவர் அப்படி வந்தார். "நேத்தே வந்திருக்கணும். இன்னைக்கு வந்து நின்னா நான் என்ன பண்றது?" என்று கத்தினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "வேலை இருந்துச்சுங்க," என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் எனக்குக் கண்ணில் படுவதெல்லாம் அவள் வயிறுதான். காலையில் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்ப்பேன். இட்லி வைக்கும்போது பார்ப்பேன். துணி காயப்போடக் கையை உயர்த்தினால் பார்ப்பேன். சினைமாட்டைப் பார்ப்பதுபோல் என்று சொல்ல முடியாது, சினைமாட்டை நான் பிரியமாகத்தான் பார்ப்பேன். அம்மா அவளுக்கு எடுத்து வைக்கும் மாதுளை, தம்பி வாங்கி வரும் பன்னீர் திராட்சை, அவள் பாதி தின்றுவிட்டு வேண்டாமென்று தள்ளுவது, எல்லாம் எனக்குக் கணக்கில் ஏறியது. நான் படித்தவள், அரசு வேலையில் இருப்பவள். அவளைவிடப் பத்து வயது மூத்தவள். ஒரு திராட்சைக் கொத்துக்காக மனசுக்குள் சண்டை போட்டேன்.

சேலத்தில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் பெண்களின் கருமுட்டையை எடுத்து உறைய வைக்கிறார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். கல்யாணமாகாதவர்களும் செய்துகொள்ளலாம், யார் சம்மதமும் வேண்டாம், தன் கையெழுத்து போதும். ஒருநாள் லீவு போட்டுவிட்டு மொரப்பூரில் ரயிலேறினேன். காத்திருக்கும் இடத்தில் எல்லோரும் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். நர்ஸ் என் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலீங்களா?" என்றாள். சார் இன்னும் கிளம்பவே இல்லை என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். என் வயசுக்கு இருக்க வேண்டிய முட்டைகளைவிடக் குறைவாக இருக்கிறது என்றார்.

"கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே."

கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் நான் பேசுகிற குரல். "வேலை இருந்துச்சுங்க," என்றேன். தலையைச் சொறியாததுதான் பாக்கி.

எடுத்து வைப்பதால் குழந்தை உறுதி என்று அர்த்தமில்லை, பத்து வருஷம் வரை வைக்கலாம், முடிவு உங்களுடையது என்றார் அவர். காளைக்கு இந்தப் பத்து வருஷக் கெடுவெல்லாம் கிடையாது. விந்து சுலபமாக உறையும், முட்டை அப்படியில்லை. அதற்குள் தண்ணீர் அதிகம். உறைந்ததெல்லாம் திரும்ப உயிரோடு வந்துவிடாது என்பதை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பல நாள் யோசித்தேன். எனக்குக் குழந்தை வேண்டுமா, அல்லது அவளிடம் இருப்பது எனக்கும் வேண்டுமா? இரண்டையும் பிரித்துப் பார்க்க எவ்வளவோ முயன்றேன். பாலையும் தண்ணீரையும் பிரிக்கிற கதைதான். பொறாமையில் எடுத்த முட்டையில் பிறக்கிற குழந்தைக்குப் பிற்பாடு என்ன சொல்வேன் என்றெல்லாம் நினைத்தேன். ஒருநாள் வேண்டும் என்று தோன்றும், மறுநாள் இந்த வயசில் எதற்கு இந்த வேலை என்று தோன்றும்.

முடிவை என் அம்மா எடுத்துக்கொடுத்தாள், அவளுக்கே தெரியாமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா மருமகளுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "ரெண்டாவதும் நல்லபடியா பொறந்தா நம்ம டாக்டரம்மாவுக்கே குடுத்துடலாம். அதுக்கும் ஒரு தொணை வேணுமில்ல," என்றாள்.

தம்பி சிரித்தான். அவளும் சிரித்தாள். "குடுத்துட்டாப் போச்சுங்க அத்தை," என்றாள்.

நானும் சிரித்தேன். எழுந்து போய்க் கை கழுவினேன். இவள் பாதி தின்றுவிட்டுத் தள்ளுகிற திராட்சையா என் பங்கு? மறுநாளே சேலத்துக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொன்னேன்.

முட்டைகள் வளர்வதற்குத் தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஊசிகளைக் குளிரில் வைக்க வேண்டும். அதற்கும் கவலையில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டு பிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் மாட்டு மருந்து இருப்பது வழக்கம். "மருந்து, தொடாதீங்க" என்று சொன்னால் போதும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அப்படித்தான் வைத்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு கலப்பின மாடு உண்டு. எத்தனை முறை ஊசி போட்டாலும் சினை நிற்காது. ஒருநாள் அம்மா பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏம்மா, புதுசா என்னமோ ஊசி வாங்கி வச்சிருக்கிறயே, அதைய நம்ம மாட்டுக்கு ஒன்னு போட்டுப் பாக்கலாமில்ல?"

"அது இந்த மாட்டுக்கு இல்லம்மா."

"வேற எந்த மாட்டுக்கு?"

"வயசான மாடும்மா," என்றேன்.

"வயசான மாட்டுக்கு இம்புட்டு செலவு பண்றாங்களா? வித்துட்டு வேற வாங்க மாட்டாங்களா?" என்றாள் அம்மா.

பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்த தம்பி மனைவி நிமிர்ந்தாள். "அத்தை, அது கவுர்மெண்டு தடுப்பூசிங்க. எடுத்தா அண்ணிய கேள்வி கேப்பாங்க. மூடி வைங்க," என்றாள். அம்மா உடனே மூடிவிட்டாள்.

நான் அறைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்தாள். வயிறு நன்றாகப் பெருத்திருந்தது, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"எங்கக்காவும் இதேதாங்க அண்ணி போட்டுக்கிச்சு. பேனா மாரி இருக்குமே. நாந்தான் போட்டு வுடுவேன்."

நான் போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

"எடுக்கறன்னைக்கு மயக்கம் குடுப்பாங்க. கூட ஒரு ஆளு வேணும்பாங்க. யாரு வராங்க?"

அதுதான் எனக்கும் பெரிய சிக்கலாக இருந்தது. என்னோடு படித்த தோழி பெங்களூரிலிருந்து வருவதாகச் சொல்லி, கடைசியில் முடியாதென்று விட்டாள். வேறு யாரைக் கூப்பிட்டாலும் ஊருக்கே தெரிந்துவிடும்.

"நான் வரேன்," என்றாள். "எனக்கு ஸ்கேன் பாக்கப் போறோம்னு சொல்லிக்கலாம்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வயிற்றையும் அவளே வைத்திருப்பாள், நல்ல மனசையும் அவளே வைத்திருப்பாள், எனக்கென்று என்னதான் மிச்சம்? ஆனால் வேறு ஆளில்லை. சரி என்றேன்.

அந்தக் காலையில் இருவரும் ரயிலில் போனோம். கூட்டத்தில் ஒருவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மையத்தின் கதவைத் திறந்து அவளோடு உள்ளே நுழைந்தபோதுதான் செய்த முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. நிறைவயிற்றோடு ஒருத்தியை எங்கே கூட்டி வந்திருக்கிறேன்? உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். ஒருத்தி போனைப் பார்ப்பதை நிறுத்தினாள். ஒருத்தி புருஷனின் தொடையைத் தட்டிக் காட்டினாள். நர்ஸ் நேராக அவளிடம் வந்து, "எந்த மாசம்மா? இங்க பாத்ததுதானே?" என்று சிரித்தாள். இல்லைங்க என்று அவள் என்னைக் காட்டினாள்.

போய் உட்கார்ந்தோம். எதிரில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண், என்னைவிட மூத்தவளாக இருக்கலாம். அவள் கண் இவள் வயிற்றின் மேல் போய் நின்றது, அப்புறம் நகரவே இல்லை. பசித்தவர் சாப்பிடுகிறவரின் இலையைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையை நான் கண்ணாடியில் பார்த்ததில்லை, ஆனாலும் யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. கண் படுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மாட்டுக்குத் திருஷ்டிக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கேலி செய்கிறவள் நான். இருந்தும் என் கை என்னைக் கேட்கவில்லை. தோளிலிருந்த துப்பட்டாவை உருவி, விரித்து, இவள் வயிற்றின் மேல் போட்டு இரண்டு பக்கமும் செருகிவிட்டேன்.

அவள் குனிந்து துப்பட்டாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வூட்டுல இத்தன நாளா மூடலீங்களே அண்ணி," என்றாள்.

குரலில் கோபமில்லை, கேலியும் இல்லை. பல மாதமாகத் தெரிந்ததை இப்போதுதான் சொல்ல இடம் கிடைத்தது என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள். பல் தேய்க்கும்போது, இட்லி வைக்கும்போது, துணி காயப்போடும்போது, நான் பார்த்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு என்னோடு ரயிலேறியிருக்கிறாள்.

நர்ஸ் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வாட்ச், கம்மல், செருப்பு எல்லாவற்றையும் கழற்றித் தம்பி மனைவியிடம் கொடுத்தேன். அவள் வயிற்றின் மேல் கிடந்த துப்பட்டாவையும் எடுத்து மடித்து வைக்கச் சொன்னாள் நர்ஸ்.

"அது அங்கயே இருக்கட்டுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.